நேரடிச் சுவாலை ஹீற்றர் வாங்கலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஒக்ரோபர் பிறந்தால் ரொறன்ரோப் பக்கத்துக் கராஜ்காரரும் வெயர்ஹவுஸ்காரரும் கேட்பது ஒரே கேள்விதான்: "எத்தனை பீ.ரீ.யூ. வேணும்?" பீ.ரீ.யூ. என்பது வெப்பத்தின் அளவு; ஹீற்றரில் அது மணிக்குத் தரும் வெப்பத்தைக் குறிக்கும். இந்த மாதம் வந்த கடிதங்களில் நேரடிச் சுவாலை ஹீற்றர் பற்றியவற்றை மட்டும் இங்கே எடுத்திருக்கிறோம்.

நேரடிச் சுவாலை என்றால் எரியும் தீக்கு ஊடாகவே விசிறி காற்றைத் தள்ளும். வெப்பமும் புகையும் சேர்ந்தே அறைக்குள் வரும். புகைக்குழாய் கிடையாது. மறைமுக ஹீற்றரில் தீ ஒரு உலோகக் கூட்டுக்குள் எரியும், அறைக் காற்று அந்தக் கூட்டை வெளிப்புறமாகத் தொட்டுச் சூடாகும், புகை கூரைக்கு மேலே போய்விடும். கீழே உள்ள எல்லாப் பதில்களும் இந்த வித்தியாசத்தில்தான் தங்கியிருக்கின்றன.

கேள்வி: ஸ்காபரோவில் தொழிற்பேட்டை யூனிற் ஒன்றில் வாகனம் திருத்தும் கராஜ் வைத்திருக்கிறேன். 40 அடி அகலம், 60 அடி நீளம், 16 அடி உயரம். வாகனம் தூக்கும் ஹொயிஸ்ற் இரண்டு, ஒரு சேர்விஸ் குழி. கடையில் 150,000 பீ.ரீ.யூ. புரொப்பேன் "டோர்பீடோ" ஹீற்றர் மலிவு விலைக்குப் போட்டிருக்கிறார்கள். ஒன்று போதுமா, இரண்டு வாங்க வேண்டுமா?

ஒன்றும் வாங்காதீர்கள். டோர்பீடோ என்பது குழாய் வடிவில், தரையில் வைக்கும் நேரடிச் சுவாலை ஹீற்றர்தான். காரணத்தைக் கணக்கிலிருந்தே தொடங்குவோம்.

இந்த வகை ஹீற்றர்களுக்குப் பாவிக்கும் கைக்கணக்கு இது: கன அடியில் கொள்ளளவு, பெருக்கல் உயர்த்த வேண்டிய வெப்பநிலை பரனைற் பாகையில், பெருக்கல் 0.133. உங்கள் யூனிற் 38,400 கன அடி. வெளியே சைபருக்குக் கீழே 20 பாகை செல்சியஸ், உள்ளே 16 வேண்டும் என்றால் வித்தியாசம் 36 பாகை. பரனைற்றில் கிட்டத்தட்ட 65. பெருக்கிப் பார்த்தால் மணிக்கு ஏறத்தாழ 332,000 பீ.ரீ.யூ. வருகிறது. 150,000 ஹீற்றர் ஒன்று உங்கள் கராஜை வெளியிலும் பார்க்க 16 பாகைதான் கூட்டும். வெளியே சைபர் என்றால் வசதி. சைபருக்குக் கீழே 20 போகும் நாளில் உள்ளேயும் தண்ணீர் உறையும்.

அந்த 0.133 என்ற எண் இன்சுலேஷன் சரியில்லாத கட்டடத்துக்கு உரியது. மீற்றர் கணக்கில் கன மீற்றரை வெப்பநிலை வித்தியாசத்தாலும் ஒரு குணகத்தாலும் பெருக்கினால் மணிக்கு எத்தனை கிலோகலோரி என்று வரும், அதை 3.97ஆல் பெருக்கினால் பீ.ரீ.யூ. இன்சுலேஷனே இல்லாத தகரக் கொட்டகைக்குக் குணகம் 3 முதல் 4, சுமாரான கட்டடத்துக்கு 2 முதல் 2.9, சாதாரண இன்சுலேஷனுக்கு 1 முதல் 1.9, நல்லதுக்கு 1க்கும் கீழே. உங்கள் யூனிற் 1,087 கன மீற்றர். கூரையையும் ரோல்-அப் கதவையும் ஒழுங்காக அடைத்துக் குணகத்தை 1க்குக் கொண்டு வந்தால் அதே குளிருக்கு 155,000 பீ.ரீ.யூ. போதும். இரண்டாவது ஹீற்றருக்கு வைத்திருக்கும் காசைக் கூரைக்குப் போடுங்கள் என்பதுதான் இந்தக் கணக்குச் சொல்வது.

ஆனாலும் டோர்பீடோவை நாங்கள் மறுப்பது சூடு போதாது என்பதால் அல்ல.

முதலாவது, அதில் உள்ள விவரத் தகட்டை வாசியுங்கள். கட்டப்படும் அல்லது திருத்தப்படும் கட்டடங்களுக்குத் தற்காலிகச் சூடாக்கல் என்றுதான் எழுதியிருக்கும். அதை நிரந்தர ஹீற்றராக வைத்து ஒரு விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் கேட்பது அந்தத் தகட்டைத்தான்.

இரண்டாவது, காற்று. இப்படியான ஹீற்றர்களின் கைநூல்களில் ஒவ்வொரு 100,000 பீ.ரீ.யூ.வுக்கும் 3 சதுர அடி அளவில் வெளித் திறப்பு கேட்பது வழக்கம். 150,000க்கு நாலரைச் சதுர அடி. 10 அடி அகலக் கதவு என்றால் ஐந்தரை அங்குலம் தூக்கியபடியே வைத்திருக்க வேண்டும், நாள் முழுக்க. அதற்குள்ளால் வரும் குளிரை மேலே போட்ட கணக்கு சேர்க்கவே இல்லை. நடைமுறையில் நடப்பது என்ன? பத்து நிமிடத்தில் யாராவது ஒருவர் "கால் விறைக்குது" என்று கதவை இறக்கிவிடுவார். அதற்குப் பிறகு தீ அறையின் ஒட்சிசனையே தின்னும், அரைகுறையாக எரியும், காபனோரொட்சைட்டு வரும். எல்லோரும் சீ.ஓ. என்று சொல்வது இதைத்தான்.

மூன்றாவது, நீங்கள் விசிறும் சாமான்கள். குளோரின் கலந்த பிரேக் கிளீனர், டிகிரீசர், வாகன ஏ.சி.யில் இருந்து கசியும் ஆர்-134ஏ எல்லாம் காற்றோடு தீக்குள் போகும். குளோரின் உள்ளவை ஐதரோகுளோரிக் அமில ஆவியாகவும் சிறிதளவு பொஸ்ஜீன் என்ற நச்சுவாயுவாகவும் வெளியே வரும். ஆர்-134ஏ ஐதரசன் புளோரைட்டு ஆகும். தொண்டை அரிக்கிறது, புது ஸ்பானர்களும் சொக்கற்றுகளும் ஒரு குளிர்காலத்தில் துருப்பிடிக்கின்றன என்று சொல்லும் கராஜ்களில் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

நாலாவது, குழி. புரொப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு பாரம். ஹோஸில் சின்னக் கசிவு இருந்தாலும் அது நேரே குழிக்குள் இறங்கித் தங்கும். பெற்றோல் ஆவியும் அப்படியே. குழி உள்ள கராஜில் தரையில் திறந்த தீயை வைப்பதைப் பற்றி இதற்கு மேல் கதைக்கத் தேவையில்லை.

உங்களுக்குப் பொருந்துவது இரண்டு. ஒன்று, எரிவதற்கான காற்றை வெளியிலிருந்தே குழாயால் எடுத்து, புகையையும் வெளியே விடும் மூடிய எரிப்பறை யூனிற் ஹீற்றர், கூரையில் தொங்கவிடுவது. மற்றது கதிர்வீச்சுக் குழாய் ஹீற்றர், மேலே சூடாகும் குழாய் வெப்பத்தைக் கீழே உள்ள பொருட்களுக்கு நேரே வீசும். இந்த இரண்டாவது வகை, ஹொயிஸ்ற் உள்ள இடத்துக்கு அருமையானது, கதவைத் திறந்து மூடினாலும் தரையும் வாகனமும் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். ஆனால் குழாய்க்குக் கீழே விட வேண்டிய இடைவெளியை வெறும் தரையிலிருந்து அளக்க வேண்டாம். உங்களிடம் வரும் ஆக உயரமான வான் வண்டியை முழுதாகத் தூக்கி நிறுத்தி, அதன் கூரையிலிருந்து அளவுங்கள்.

கேள்வி: பிரம்ப்ரனில் வாகனப் பொடி ஷொப். பெயின்ற் அடிக்கும் ஸ்ப்ரே பூத் 10,000 சீ.எஃப்.எம். (நிமிடத்துக்கு 10,000 கன அடி) காற்றை வெளியே தள்ளுகிறது. குளிர்காலத்தில் பூத்தை ஓடவிட்டால் வாசல் கதவைத் திறக்க இரண்டு பேர் வேண்டும். ஒஃபிஸில் இருப்பவர்கள் ஜக்கெட்டோடு. புதிய ஹீற்றருக்கு இரண்டு கொன்ராக்ரர்கள் விலை தந்திருக்கிறார்கள், ஒருவர் நேரடிச் சுவாலை, மற்றவர் மறைமுகம். நேரடியைப் போட்டால் புகை உள்ளே வராதா?

நேரடிச் சுவாலைக்கென்றே பிறந்த இடம் உங்கள் ஷொப். முதல் கேள்விக்காரருக்கு வேண்டாம் என்றதை உங்களுக்கு வேண்டும் என்கிறோம், ஏனென்றால் உங்களிடம் காற்று வெளியேறிக்கொண்டே இருக்கிறது.

10,000 சீ.எஃப்.எம். வெளியே போனால் 10,000 உள்ளே வந்தே ஆக வேண்டும். நீங்கள் வழி கொடுக்காவிட்டால் அது கதவு இடுக்கு, கூரை ஓட்டை, இன்னும் மோசமாகச் சுடுநீர்த் தாங்கியின் புகைக்குழாய் வழியாக உள்ளே வரும். கதவு இறுகுவது ஒரு அசௌகரியம்தான். புகைக்குழாய் தலைகீழாக இழுத்தால் அந்தத் தாங்கியின் சீ.ஓ. ஒஃபிஸுக்குள் நிற்கும். ஹீற்றர் பூட்டும் வரைக்கும், பூத் ஓடும் நேரத்தில் தாங்கியின் புகைக்குழாய் அடியில் ஒரு துண்டு ரிஷூவைப் பிடித்துப் பாருங்கள். உங்கள் பக்கம் ஆடினால் அன்றைக்கே பூத்தை நிறுத்த வேண்டும்.

இனி அளவு. வெளிக்காற்றைச் சூடாக்கும் கணக்கு: 1.08 பெருக்கல் சீ.எஃப்.எம். பெருக்கல் பரனைற் வித்தியாசம். சைபருக்குக் கீழே 20இலிருந்து மேலே 20 பாகைக்குக் கொண்டுவர 72 பாகை பரனைற். 1.08 × 10,000 × 72 = 777,600 பீ.ரீ.யூ. நேரடிச் சுவாலையில் எரிவாயுவின் சக்தியில் கிட்டத்தட்ட 92 வீதம் காற்றில் சூடாக ஏறும். மிச்சம் எரிப்பில் உண்டாகும் நீராவிக்குள் மறைந்திருக்கும். ஆகவே எரிக்க வேண்டியது 845,000. சாதாரண மறைமுக யூனிற் 80 வீதம் என்றால் 972,000. இயற்கை வாயுவில் சொன்னால் மணிக்கு 24 கன மீற்றருக்கு எதிராக 27.5.

புகை உள்ளே வருமா? வரும். ஆனால் எவ்வளவு காற்றுக்குள் வருகிறது என்பதைப் பாருங்கள். இதற்கென்று சான்று பெற்ற, வெளிக்காற்றை மட்டும் எடுக்கும் நேரடிச் சுவாலை யூனிற்றுகளில் வெளிவரும் காற்றில் சீ.ஓ. 5 பீ.பீ.எம்.முக்கும் (பத்து லட்சம் பங்கு காற்றில் 5 பங்கு) நைதரசனீரொட்சைட்டு 0.5 பீ.பீ.எம்.முக்கும் மேலே போகக்கூடாது என்று கனடா-அமெரிக்கப் பொதுத் தரம் சொல்கிறது. ஒன்ராறியோவில் எட்டு மணி நேர வேலைக்கு அனுமதித்த சீ.ஓ. அளவு 25. அதோடு வந்த காற்றைப் பூத் விசிறி வெளியே எடுத்துவிடுகிறது. அறையில் தேங்க இடமில்லை.

இந்த நல்ல எண்கள் எல்லாம் ஒரு விடயத்தில் தொங்குகின்றன: தீ எரியும் பேர்னருக்கு மேலால் போகும் காற்றின் வேகம். நீளமான பேர்னரின் இரு பக்கமும் ஓட்டைகள் உள்ள உருக்குத் தகடுகள் V வடிவில் விரிந்திருக்கும். அவற்றைச் சுற்றியுள்ள இடைவெளியைச் சரிக்கட்டி நிமிடத்துக்குச் சுமார் 3,000 அடி வேகத்தில் காற்று போகும்படி வைப்பார்கள். வேகம் குறைந்தால் தீ நீண்டு மஞ்சளாகும், சீ.ஓ. ஏறும். கூடினால் தீ எரிந்து முடிவதற்கு முதலே குளிர்ந்துவிடும், சீ.ஓ.வோடு கண்ணை எரிக்கும் அல்டிஹைட்டும் வரும். எனவே பில்ற்றர் அடைபட்டாலும், விசிறிப் பெல்ற் தளர்ந்தாலும், மின்சாரம் மிச்சம் பிடிக்கலாம் என்று யாராவது விசிறிக்கு வேகக் கட்டுப்படுத்தி பூட்டினாலும் பாதிக்கப்படுவது பேர்னர்தான். வேகம் மாற வேண்டும் என்றால் அதற்கேற்ப இடைவெளியும் தானாக மாறும் வகை யூனிற்றைக் கேட்டு வாங்க வேண்டும்.

விலை தந்த கொன்ராக்ரரிடம் இவற்றைக் கேளுங்கள். விசிறி பேர்னருக்கு முன்னா பின்னா? முன்னே இருந்தால் விசிறியும் மோட்டோரும் குளிர்ந்த காற்றில் ஓடும், அதிக வெப்ப உயர்வும் எடுக்கலாம். பின்னே இருந்தால் சூட்டை விசிறி தாங்க வேண்டும், வெப்ப உயர்வுக்கு எல்லை குறையும். அடுத்தது, தீயை எவ்வளவு தணிக்கலாம்? ஜனவரியில் 777,600 கேட்கும் உங்கள் பூத், வெளியே 15 பாகை உள்ள ஏப்ரல் நாளில் 97,200 மட்டுமே கேட்கும். ஏற்றி அணைக்கும் யூனிற் அந்த நாளில் பூத்தை ஒரு நிமிடம் வேகவைத்து மறு நிமிடம் குளிரவைக்கும்; பெயின்ற் வேலை பாழ். 25க்கு 1 வரை, அதாவது முழுத் தீயின் இருபத்தைந்தில் ஒரு பங்கு வரை, தணியும் பேர்னரும் வெளிவரும் காற்றின் வெப்பத்தைப் பார்த்துத் தானாக வாயுவைக் கூட்டிக் குறைக்கும் வால்வும் வேண்டும்.

கொன்ராக்ரரிடம் கேட்க வேண்டிய மூன்றாவது: பூத் விசிறியும் ஹீற்றரும் மின்சாரத்தால் பூட்டப்பட்டிருக்குமா? பூத் விசிறி ஓடாமல் பேர்னர் பற்றவே கூடாது. காற்று போகிறதா என்று பார்க்கும் அழுத்தச் சுவிட்ச், குறைவுக்கு ஒன்று கூடுதலுக்கு ஒன்று, இரண்டும் இருக்க வேண்டும். "அடிக்கடி நின்றுபோகுது" என்று அந்தச் சுவிட்ச் வேலை செய்யாதபடி கம்பியால் சுற்றுவழி போட்டிருக்கும் யூனிற்றுகளும் இருக்கின்றன. அப்படிச் செய்பவரைத் திரும்பக் கூப்பிட வேண்டாம்.

பூத்தில் பெயின்றைச் சுடவைக்கும் நேரத்தில் அதே காற்றைச் சுழலவிடுகிறீர்கள் என்றால் சாதாரண வெளிக்காற்று யூனிற் சரிவராது. சுழற்சிக்கென்று சான்று பெற்றதைத்தான் போட வேண்டும். உள்ளெடுக்கும் வாய் பூத்தின் புகைபோக்கியிலிருந்து குறைந்தது 10 அடி தள்ளி, காற்று வழமையாக வீசும் பக்கத்தைப் பார்த்து இருக்கட்டும். இல்லாவிட்டால் நீங்கள் வெளியே விட்ட தின்னர் ஆவி தீ வழியாகத் திரும்பி வரும். உங்கள் அளவு 400,000 பீ.ரீ.யூ.வைத் தாண்டுவதால் ஒன்ராறியோவில் பூட்டுபவர் ஜீ-1 எரிவாயு வேலை உரிமம் உள்ளவராக இருக்க வேண்டும். ஜீ-2 போதாது. கார்டைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

கேள்வி: ஏஜக்ஸில் அரிசி, பருப்பு, மிளகாய்த்தூள், அப்பளம் இறக்கி வைக்கும் வெயர்ஹவுஸ். 60க்கு 100 அடி, 20 அடி உயரம். போன குளிர்காலம் 200,000 பீ.ரீ.யூ. புரொப்பேன் ஹீற்றர் ஒன்றை வாடகைக்கு எடுத்தோம். சூடு வந்தது, ஆனால் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டி மேல்தட்டுப் பெட்டிகள் ஊறிவிட்டன. கூரை ஒழுக்கு என்று லாண்ட்லோர்டோடு சண்டை. அவர் ஒழுக்கு இல்லை என்கிறார்.

லாண்ட்லோர்ட் சொல்வது சரியாக இருக்கலாம். அந்தத் தண்ணீர் சிலிண்டருக்குள் இருந்து வந்தது.

ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் 1.6 கிலோவுக்குச் சற்று மேலே நீர் உண்டாகும். எரிபொருளின் ஐதரசன் காற்றின் ஒட்சிசனோடு சேர்வதால் எரிபொருளைவிட நீரே பாரம். 200,000 பீ.ரீ.யூ. என்றால் மணிக்கு 4.2 கிலோ எரிகிறது, கிட்டத்தட்ட 7 லீற்றர் நீர் ஆவியாகக் காற்றில் ஏறுகிறது. எட்டு மணி நேரத்துக்கு 55 லீற்றர். உங்கள் வெயர்ஹவுஸ் 3,400 கன மீற்றர். கதவுகளை மூடி வைத்தால் ஒவ்வொரு மணிக்கும் ஒரு கன மீற்றரில் 2 கிராம் நீர் கூடும். கூரைத் தகரம் சைபர் பாகையில் இருந்தால் அதைத் தொடும் காற்று 4.8 கிராமுக்கு மேலே தாங்காது. இரண்டு, மூன்று மணி நேரத்தில் சொட்டத் தொடங்கும். சூடான காற்று மேலே போய் நிற்பதால் ஈரமும் அங்கேதான் நிற்கும், மேல்தட்டுப் பெட்டிதான் முதலில் நனையும். மண்ணெண்ணெய் மாற்றிப் பார்ப்போமா என்று நினைக்காதீர்கள். ஒரு லீற்றர் மண்ணெண்ணெய்க்கும் ஒரு லீற்றருக்குச் சற்றுக் கூடவே தண்ணீர் வரும், அதோடு மிளகாய்த்தூளுக்கும் அப்பளத்துக்கும் அதன் மணம் இலவசம்.

பிரம்ப்ரன் பூத்திலும் இதே அளவில் நீர் வரத்தானே வேண்டும் என்று கேட்பீர்கள். மணிக்கு 38 லீற்றர் வரும். ஆனால் அங்கே மணிக்கு 17,000 கன மீற்றர் வெளிக்காற்று ஓடுகிறது. சைபருக்குக் கீழே 20 பாகைக் காற்றில் கன மீற்றருக்கு ஒரு கிராம் ஈரம்தான் இருக்கும், எரிப்பால் இன்னும் 2.2 கிராம் சேர்ந்தாலும் 20 பாகையில் அது உலர்ந்த காற்றே. உங்களிடம் காற்று வெளியேற வழியில்லை. ஆகவே உங்களுக்கு மறைமுக யூனிற் ஹீற்றர்.

உலர்ந்த சாமானுக்கு 20 பாகை தேவையே இல்லை. வேலையாட்கள் ஜக்கெட்டோடு வேலை செய்யும் இடம் என்றால் 8 முதல் 10 பாகை போதும். அதற்குரிய கணக்கை முதல் பதிலில் உள்ளபடி போடுங்கள். லோடிங் டொக் கதவுகளின் ரப்பர் சீல் கிழிந்திருந்தால் அதை மாற்றுவதுதான் முதல் வேலை. கூரையடியில் மெதுவாகச் சுழலும் பெரிய விசிறி ஒன்று பூட்டினால் மேலே தேங்கும் சூடு கீழே வரும். கூரைத் தகரமும் கொஞ்சம் சூடாகி ஈரம் படிவது குறையும். எதிர்காலத்தில் பத்துப் பதினைந்து டொக்குகள் உள்ள, நாள் முழுக்க ட்ரக் வந்து போகும் இடத்துக்கு மாறினால் அப்போது நேரடிச் சுவாலையை மீண்டும் யோசிக்கலாம். வெளிக்காற்றை 70 பாகை செல்சியஸுக்குச் சூடாக்கி உள்ளே தள்ளி, கட்டடத்தைக் கொஞ்சம் ஊதிப் பிடித்து, டொக் இடுக்குகளால் குளிர் நுழையாமல் தடுக்கும் யூனிற்றுகள் அந்த அளவில் நன்றாக வேலை செய்கின்றன.

கேள்வி: வெளியில் கொன்கிறீற் வேலை. கூடாரத்துக்குள் 150,000 புரொப்பேன் ஹீற்றர். சிலிண்டர் பாதி இருக்கும்போதே தீ சின்னதாகி அணைகிறது, சிலிண்டருக்கு வெளியே வெள்ளையாக உறைந்திருக்கிறது.

20 இறாத்தல் பாபகியூச் சிலிண்டரில் ஓட்டுகிறீர்கள் என்று நினைக்கிறோம். புரொப்பேன் சைபருக்குக் கீழே 42 பாகையில் கொதிக்கும் திரவம். அது வாயுவாக மாற வெப்பம் வேண்டும், அந்த வெப்பம் சிலிண்டரின் நனைந்த சுவர் வழியாக வெளிக்காற்றிலிருந்துதான் வரும். உங்கள் ஹீற்றர் மணிக்கு 7 இறாத்தல் கேட்கிறது. சின்னச் சிலிண்டரின் சுவர் அவ்வளவு வெப்பத்தை எடுக்காது, திரவம் குளிர்கிறது, அழுத்தம் விழுகிறது. பாதியான பின் நனைந்த சுவரும் பாதிதான்.

100 இறாத்தல் சிலிண்டர்கள் இரண்டு மூன்றை ஒரே குழாயில் இணையுங்கள். எப்போதும் நிமிர்த்தி வைத்து, ஹீற்றரிலிருந்து குறைந்தது 10 அடி தள்ளி, ஹீற்றரின் வாய் சிலிண்டரைப் பாராதபடி. சிலிண்டரைச் சூடாக்க ரோர்ச் பிடிக்கும் ஆக்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த இடத்தில் நிற்க வேண்டாம்.

கேள்வி: 150,000 மண்ணெண்ணெய் டோர்பீடோ. பற்றுகிறது, ஐந்தாறு விநாடியில் தானாக நிற்கிறது. புதிதாக வாங்குவதா?

பெரும்பாலும் தேவையில்லை. தீ எரிகிறதா என்று பார்க்கும் சின்னக் கண் ஒன்று எரிப்பறைக்குப் பின்னால் இருக்கும். அதில் கரி படிந்தால் தீ இருந்தாலும் இல்லை என்று நினைத்து நிறுத்திவிடும். மின்சாரத்தைக் கழற்றிவிட்டு, மேல் மூடியைத் திறந்து, கண்ணை இழுத்தெடுத்துப் பஞ்சால் துடைத்துத் திரும்ப நேரே வையுங்கள். கோணலாக வைத்தாலும் அதே கோளாறுதான்.

அதற்குப் பிறகும் நின்றால் காற்றழுத்தத்தைப் பாருங்கள். இந்த வகையில் எண்ணெய்க்குத் தனி பம் இல்லை. மோட்டோரின் பின்னால் உள்ள காபன் உருளை காற்றை அமுக்கி நொசிலுக்கு அனுப்ப, அந்தக் காற்று எண்ணெயை உறிஞ்சித் தெளிக்கும். பின் மூடியில் அழுத்தமானி உண்டு, இல்லாவிட்டால் அதைப் பூட்டும் துளை உண்டு. கைநூலில் உங்கள் மொடலுக்குச் சொன்ன பீ.எஸ்.ஐ.க்குத் திருகாணியால் கொண்டு வாருங்கள். குறைவென்றால் வெள்ளைப் புகையும் கண் எரிச்சலும். கூடினால் தீ வாய்க்கு வெளியே நீளும். திருகியும் ஏறாவிட்டால் பஞ்சுப் பில்ற்றர்களை மாற்றுங்கள். 500 மணி நேரத்துக்கு ஒரு முறை, அல்லது ஆண்டுக்கு ஒரு முறை. பிறகு உருளைக்கும் அதைச் சுற்றியுள்ள வளையத்துக்கும் இடையே பீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) போடுங்கள். அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று அல்லது நாலு இருக்க வேண்டும். ஸ்பார்க் பிளக் இடைவெளி 0.055 அங்குலம்.

இன்னொன்று, நீளமான மெல்லிய எக்ஸ்ரென்ஷன் வயர். கடைசியில் மின்னழுத்தம் விழுந்து மோட்டோர் மெதுவாகும், அழுத்தமும் விழும். தடித்த 14 கேஜ் வயர் போட்டுப் பாருங்கள். எண்ணெய் 1-கே மண்ணெண்ணெய்தான். கோடையில் மிஞ்சிய டீசலை ஊற்றினால் குளிரில் மெழுகு பிரிந்து பில்ற்றரை அடைக்கும். வைக்கும்போது வாய்க்கு முன்னால் 8 அடி, மற்றப் பக்கங்களிலும் மேலேயும் 4 அடி வெறுமையாக விடுங்கள், தார்ப்பாயையும் சேர்த்து.

கேள்வி: வீட்டுக்கு வாங்கும் சீ.ஓ. அலாரத்தை வேலைத்தலத்தில் மாட்டினால் போதாதா?

போதாது. வீட்டு அலாரம் 70 பீ.பீ.எம். இருந்தாலும் ஒரு மணி முதல் நாலு மணி நேரம் கழித்துத்தான் அடிக்கும்படி செய்யப்பட்டது. 150 இருந்தால் 10 முதல் 50 நிமிடம். ஒன்ராறியோ வேலைத்தல அளவு 25. அலாரம் அமைதியாக இருக்கும்போதே நீங்கள் தலையிடியோடு வேலை செய்துகொண்டிருக்கலாம். எண்ணைத் திரையில் காட்டும், 25இல் அடிக்கும்படி வைக்கக்கூடிய தொழில்முறை அளவி வாங்குங்கள். மூச்செடுக்கும் உயரத்தில், ஹீற்றர் வாயிலிருந்து தள்ளி மாட்டுங்கள். புரொப்பேன் ஃபோக்லிஃப்ட் ஓடும் இடத்தில் எண் ஏறினால் ஹீற்றரை மட்டும் குறை சொல்ல வேண்டாம், ஃபோக்லிஃப்டை வெளியே விட்டு அரை மணி நேரம் பாருங்கள்.

கேள்வி: கல்கரியில் மர வேலைத்தலம் தொடங்குகிறேன். தூசி உறிஞ்சி 6,000 சீ.எஃப்.எம். வெளியே விடும். மிசிசாகாவில் ஒரு தொழிற்சாலை மூடும்போது நேரடிச் சுவாலை யூனிற் ஒன்றை மலிவாகத் தருகிறார்கள். எடுக்கலாமா?

காற்று வெளியே போகும் தொழில், ஆகவே வகை சரி. தூசி உறிஞ்சியின் காற்றைத் திரும்ப உள்ளே விடும் எண்ணம் இருந்தால் மட்டும் கணக்கு மாறும். யூனிற் முழுக்க வெளிக்காற்றிலேயே ஓட வேண்டும், மரத்தூள் கலந்த உட்காற்று தீக்குள் போகவே கூடாது.

பழைய யூனிற்றில் முதலில் தகட்டைப் படம் எடுங்கள். கனடாவில் ஏற்றுக்கொள்ளும் சான்று முத்திரை இல்லாவிட்டால் பேச்சை அங்கேயே முடிக்கலாம். மோட்டோர் 575 வோல்ற்றா 460ஆ என்று பாருங்கள். கனடாத் தொழிற்சாலை மின்சாரம் 600 வோல்ற், அமெரிக்காவிலிருந்து வந்த யூனிற் என்றால் 460 இருக்கும், ட்ரான்ஸ்போமர் செலவு உங்களுடையது. கல்கரி கடல் மட்டத்திலிருந்து 3,400 அடிக்கும் மேலே. கனடாவில் 2,000 முதல் 4,500 அடி வரைக்கும் பேர்னரின் அளவை 10 வீதம் குறைத்துக் கணிக்க வேண்டும். மிசிசாகாவில் 700,000 என்று ஓடிய யூனிற் என்றால் உங்களிடம் 630,000. கல்கரிக் குளிருக்குச் சைபருக்குக் கீழே 30 என்று போட்டு, உள்ளே 16 வேண்டும் என்றால், 1.08 × 6,000 × 83. கிட்டத்தட்ட 538,000 காற்றுக்கு, 585,000 பேர்னருக்கு. மெல்லிய காற்று கொஞ்சம் குறைவாகவே கேட்கும் என்றாலும் அதை ஒதுக்காக வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு கதவைத் திறந்து டோர்ச் அடியுங்கள். பேர்னரின் இரு பக்கத் தகடுகள் வளைந்திருந்தால் வேகம் சமனாக இராது, புதுத் தகடு போட வேண்டும். பேர்னரின் சின்னத் துளைகள் துருவால் அடைபட்டிருக்கிறதா, தீயை உணரும் கம்பியின் பீங்கான் வெடித்திருக்கிறதா, பெட்டியின் அடித்தகரம் உக்கியிருக்கிறதா பாருங்கள். அழுத்தச் சுவிட்சுகளின் வயர்களை ஒவ்வொன்றாகத் தொடர்ந்து போங்கள், யாராவது சுற்றுவழி போட்டிருந்தால் அங்கே தெரியும். ஓடவிட்டுக் காட்டச் சொல்லி, பேர்னருக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசத்தை அளந்து தகட்டில் உள்ளதோடு ஒப்பிடுங்கள்.

காசைக் கொடுக்க முதல் இன்னொரு தொலைபேசி அழைப்பு: உங்கள் கல்கரிக் கட்டடத்தின் கூரை இந்தப் பாரத்தைத் தாங்குமா என்று கட்டமைப்புப் பொறியியலாளர் ஒருவரிடம் கேளுங்கள். தாங்காது என்றால் தரையில் கொன்கிறீற் மேடை போட்டுச் சுவர் வழியாகக் குழாய் விடலாம். அதற்கு லாண்ட்லோர்டின் சம்மதமும் பனி மூடாத உயரத்தில் காற்றெடுக்கும் வாயும் வேண்டும்.